ஓய்வூதியம் இல்லாத அரசாங்க வேலை

பல் மருத்துவராக அரசாங்கத்தில் நான் செய்யும் கட்டாயச் சேவை முடிய இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. அதன்பின் அரசாங்கத்தில் நிரந்தரப் பணிக்கு முயல்வதா, தனியார் கிளினிக்கில் சேர்வதா என்ற கேள்வியை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் என்னைவிட அப்பாவே அதிகம் யோசித்தார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவருக்கு அரசாங்க வேலை என்றால் ஓய்வூதியம்தான். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக நிரந்தரப் பணியில் சேர்வோருக்கு ஓய்வூதியம் இல்லை, சேமநிதிதான் என்று நான் விளக்கியபோது, ஏதோ என்னாலேயே அது பறிபோனதுபோல இரண்டு நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. அந்தக் கவர்ச்சி கழன்றபின் எஞ்சியிருப்பது என்ன என்பதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

ஈப்போவில் ஒரு கிளினிக், நான் செய்யும் சிகிச்சைக் கட்டணத்தில் 40 விழுக்காடு தருவதாகச் சொன்னது. கேட்க இனிமையாக இருந்த அந்தக் கணக்கில், பல் உறையும் பல்செட்டும் செய்துதரும் ஆய்வகத்தின் செலவு முதலில் கழிக்கப்படும். நான் ஊழியராகக் கருதப்படாததால் சேமநிதிக்கு முதலாளி பங்கும் கிடையாது, நோயாளி வராத நாளுக்கு வருமானமும் கிடையாது. சொந்தக் கிளினிக் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அமைச்சின் பதிவு, எக்ஸ்ரே கருவிக்குத் தனி உரிமம், நாற்காலிக்கும் கருவிகளுக்கும் கடன். கல்விக் கடனையே இன்னும் அடைக்காத எனக்கு அது பேச்சளவில்கூட இப்போது இல்லை.

ஆனால் பணத்தைவிட ஒரு கடைவாய்ப்பல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், முப்பது வயதுக்காரர், கீழ்க் கடைவாய்ப்பல் வலியோடு அரசாங்கக் கிளினிக்கில் என்னிடம் வந்தார். வேர்ச் சிகிச்சை செய்தால் காப்பாற்றக்கூடிய பல். ஆனால் அதற்குத் தன் முறை வரச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும், பிறகு பலமுறை வந்துபோக வேண்டும். ஒவ்வொரு வருகையும் அவருக்கு ஒரு நாள் சம்பள இழப்பு. "புடுங்கிடுங்க டாக்டரம்மா" என்றார், பிடுங்கினேன். தனியார் கிளினிக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேர்ச் சிகிச்சையும் அதன்மேல் போடும் உறையும் சேர்ந்தால், இன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிடும். அங்கே போயிருந்தாலும் அந்தப் பல் பிடுங்கப்பட்டுத்தான் இருக்கும். நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவருக்கு முடிவு ஒன்றுதான் என்பது எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

வேறுபாடு தெரிந்தது பள்ளிகளில்தான். தூக்கிச் செல்லக்கூடிய நாற்காலியோடு எங்கள் குழு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் போனபோது, ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று நினைத்து, விழுந்தால் வேறு முளைக்கும் என விட்டுவிட்ட தாய்மாரைப் பார்த்தேன். அந்தப் பல்லின் குழிகளை உரிய காலத்தில் அடைத்து மூடிவிட்டால், முப்பதாம் வயதில் என்னிடம் பிடுங்கக் கொண்டுவர வேண்டியிராது. தனியார் நாற்காலிக்கு வலி வந்தபின்தான் தோட்டத்து மக்கள் வருவார்கள். பள்ளிக்கு நாமே வலி வருமுன் போகலாம். பிள்ளைகளின் சிகிச்சையில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பல் சிகிச்சையாளர்களான தாதியர்தாம், என் பங்கு சிக்கலானவற்றோடு முடிந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எப்படிப் பேசினால் பிள்ளை பயப்படாமல் வாய் திறக்கும் என்பதை அவர்களிடம்தான் நான் கற்றேன்.

நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஈப்போ கிளினிக்கின் உரிமையாளரிடம் சொன்னபோது, அந்த இடத்துக்கு வேறு இருவர் ஏற்கெனவே கேட்டிருப்பதாக மரியாதையாகச் சொன்னார். ஓய்வூதியத்தை மறந்துவிட்ட அப்பாவுக்கு இப்போது வேறு கவலை: கடல் கடந்த சரவாக்கில் என்னைப் பணிக்குப் போட்டுவிட்டால் தீபாவளிக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று நேற்றிரவு கேட்டார்.