ஒரு நாள் தள்ளிப்போகும் காலண்டர்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு கட்டத்தை உற்றுப் பாருங்கள். பெரிய தேதி, ஓரத்தில் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், அமாவாசை என்றால் கறுப்பு வட்டம், முகூர்த்தம் என்றால் அதற்கொரு குறி. சிவகாசிக்காரர்கள் தாளின் அகலத்தை நம்பி அச்சடித்ததை அப்படியே போனில் ஒரு காலண்டர் ஆப்பாகக் கேட்டால் முடியாது. 360 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) அகலத் திரையை ஏழாக வகுத்தால் கட்டத்துக்கு 51 டிபி. விரல் தடுமாறாமல் தொடவே 48 டிபி வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு. ஆகவே தேதி, கீழே சின்னதாகத் தமிழ்த் தேதி, வேலை இருந்தால் ஒரு புள்ளி. அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ராகு காலமும் திதியும் கட்டத்தைத் தொட்டால் கீழே விரியும் பட்டையில் வரட்டும். தமிழ்த் தேதியை மட்டும் செட்டிங்ஸுக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிக்கே மாதத்தின் பெயர் வைத்த ஊர் மதுரை.

காலண்டர் ஆப்பில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே வடிவத்தில்தான் வெளியே தெரியும்: ஏதோ ஒன்று ஒரு நாள் முன்னேயோ பின்னேயோ நிற்கும்.

கிழமைத் தலைப்பிலேயே அது தொடங்கிவிடும். இடம் இல்லை என்று கிழமையின் முதல் எழுத்தை மட்டும் வெட்டிப் போடுவார்கள். எழுத்துகளைக் கணினிக்குள் வைக்கும் யூனிகோடு முறையில் ‘வி’ என்பது வ-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆண்ட்ராய்டு ஆப் எழுத உதவும் ஜாவா மொழியில் முதல் குறியீட்டோடு வெட்டினால் வியாழனும் ‘வ’, வெள்ளியும் ‘வ’. செவ்வாயும் ‘ச’, சனியும் ‘ச’. கண்ணால் காணும் முழு எழுத்தாக வெட்டினால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் தனித்தனியே நிற்கும். அப்படி எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஜாவாவில் பிரேக் இட்டரேட்டர் என்ற கருவி இருக்கிறது. ஐபோன் ஆப் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் கேரக்டர் என்பதே முழு எழுத்துதான்.

அடுத்தது, நாள் எப்போது தொடங்குகிறது என்பது. போனுக்கு நள்ளிரவு, பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயம், திதிக்கு இரண்டும் இல்லை. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலக ஆகும் நேரமே ஒரு திதி. அது ஏறக்குறைய 19 மணி நேரமும் ஆகலாம், 26 மணி நேரமும் ஆகலாம். உதயத்தில் என்ன திதி என்று மட்டும் பார்த்துக் காலண்டரை நிரப்பினால் பிரதோஷம் தப்பும். அதற்குத் திரயோதசி சாயங்காலத்தில் இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரோதயம் கணக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் எந்த வேளையைப் பார்ப்பது என்று தனி விதி எழுதாமல் தீராது. தமிழ் மாதப் பிறப்பும் அப்படியே: சங்கராந்தி, அதாவது சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம், அஸ்தமனத்துக்கு முன்னால் வந்தால் அன்றே ஒன்றாம் தேதி, பின்னால் வந்தால் மறுநாள். மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை வரும் என்பதால் சராசரி நாளை வைத்துத் தமிழ்த் தேதி எண்ணக் கூடாது. கணக்கு வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதையும் திரையிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் கோயில் அறிவிப்போடு ஒத்துப் பார்க்கிறவர் ஆப்பைத்தான் சந்தேகிப்பார்.

தாத்தாவின் திதி ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆனால் ஆங்கிலத் தேதியில் வராது. காலண்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐகாலண்டர் தரத்தில் (ஆர்.எஃப்.சி. 5545, 2009) திதிக்கென்று ஒரு விதி கிடையாது. மாதம், பட்சம், திதி மூன்றையும் மூல விதியாக வைத்துக்கொண்டு, வரும் இரண்டு மூன்று ஆண்டுக்கான தேதிகளைத் தனித்தனியாக எழுதிவிடுவதே நடைமுறைக்கு ஒத்தது. சாதாரண மாதத் தவணையிலும் ஒரு குழி உண்டு: ‘மாதாமாதம் 31’ என்று போட்டால் 31 இல்லாத மாதத்தை அந்தத் தரம் தாண்டிப் போய்விடும். கடைசி நாள் வேண்டும் என்றால் -1 என்று கொடுக்க வேண்டும்.

பிறந்தநாளை ஒரு நேரமாகச் சேமிப்பது இன்னொரு தப்பு. மதுரையில் நள்ளிரவு 12 என்றால் துபாயில் முந்தின நாள் இரவு 10:30. அங்கே இருக்கிற தம்பியின் போனில் அம்மாவின் பிறந்தநாள் முந்தின நாளே வந்து நிற்கும். முழுநாள் நிகழ்வுக்கு நேரமே வேண்டாம், வெறும் தேதியாக வையுங்கள். நினைவூட்டலுக்கு மட்டும் நேரம் தேவை. அதையும் ‘அன்று காலை 9 மணி’ என்று பொதுவாக வைத்தால் அழகர் ஆற்றில் இறங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். சித்திரைத் திருவிழாவின் அந்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலமே மணி அடிக்க வேண்டும்.

வேலைப் பட்டியலில் ‘திரும்ப வரும்’ என்ற ஒரே பொத்தான் போதாது. சீட்டுப் பணம் தேதிக்குக் கட்டுப்பட்டது, போன மாதம் தாமதமாகக் கட்டினாலும் இந்த மாதத் தேதி நகராது. வண்டி சர்வீஸ் முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. இரண்டையும் ஒரே விதியில் போட்டால் ஒன்று கட்டாயம் தப்பும்.

இதைவிட முக்கியம் பின்னோக்கி எண்ணும் வேலைகள். மாட்டுத்தாவணியில் பூ வாங்குகிறவருக்கும் சமையல் கான்ட்ராக்டருக்கும் முகூர்த்த நாள்தான் பூஜ்யம். மல்லிக்குச் சொல்வது 3 நாள் முன், காய்கறி முந்தின நாள் என்று போகும். இவற்றைத் தேதியாகச் சேமிக்காமல் ‘முகூர்த்தத்துக்கு இத்தனை நாள் முன்’ என்று சேமித்தால், கல்யாணம் தள்ளிப்போகும்போது எல்லாம் சேர்ந்து நகரும். முடித்து டிக் போட்டவை நகரக் கூடாது. நகர்த்தியதில் ஏதாவது வேலை நேற்றைய தேதியில் விழுந்தால் மட்டும் பயனரைக் கேளுங்கள்.

குரலில் சேர்க்கும்போது ஆறே முக்கால் என்றால் 6:45, ஒன்றரை என்றால் 1:30 என்று கற்பிப்பது எளிது. ‘வெள்ளி ராத்திரி 12 மணி’தான் தொல்லை; சொல்கிறவர் மனசில் வெள்ளி, கடிகாரத்தில் சனி. கிழமையும் தேதியும் சேர்த்துக் காட்டி ஒரு ‘சரி’ வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து அலாரம் அடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 13-இல் நோட்டிஃபிகேஷனுக்கே அனுமதி கேட்க வேண்டும். 14-இல் துல்லிய அலாரத்துக்கான அனுமதி புதிதாக நிறுவும் ஆப்புக்குத் தானாகக் கிடைக்காது. காலண்டர், அலாரம் வகை ஆப்களுக்கென்று தனி அனுமதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். போனை அணைத்துப் போட்டால் வைத்த அலாரமெல்லாம் அழிந்துவிடும், ஆன் ஆனதும் மறுபடி வைக்க வேண்டும். ஐபோனில் காத்திருக்கும் நினைவூட்டல் 64-க்கு மேல் நிற்காது. கிட்டத்தில் வருபவற்றை மட்டும் வைத்து, தீரத் தீர நிரப்புங்கள்.

சோதிக்கும்போது கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு போகும் முழு டோஸ் உறக்கம், சார்ஜ் ஏறாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனுக்குத்தான் வரும். கம்ப்யூட்டரில் செருகியபடியே பார்த்தால் எல்லா அலாரமும் நேரத்துக்கு அடிக்கும்.