சாக்ரமெண்டோ ரயில் மியூசியமும் சிவப்பு மூக்கு இன்ஜினும்

ரயில் மியூசியம் பார்க்கப் பஸ்ஸில் போவதைப் போல எரிச்சல் வேறில்லை. தண்டவாள வேலை நடக்கிறதாம், அதனால் ரயில் டிக்கெட் எடுத்தவர்களையெல்லாம் பஸ்ஸில் அள்ளிப் போட்டார்கள். ஏசி என் தலைக்கு நேர் மேலே கொட்டியது, மூடவும் முடியவில்லை. டிக்கெட் காசில் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. போகட்டும்.

நான் இந்தப் பயணம் கிளம்பியதே ஒரு கோபத்தில்தான். வீட்டு மேசையில் ஓட்டும் மாடல் ரயிலுக்காக, ஹெச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, சதர்ன் பசிபிக் என்ற அமெரிக்க ரயில் கம்பெனியின் எஃப்7 டீசல் இன்ஜின் மாடல் ஒன்று வாங்கினேன். பெட்டியில் '1955' என்று போட்டிருந்தது. உள்ளே இருந்ததோ சாம்பல் உடம்பும் சிவப்பு மூக்கும். அந்தக் கம்பெனி சாம்பல்-சிவப்புக்கு மாறியதே 1958இல்தான்! அதற்கு முன்னால் சரக்கு இழுத்த எஃப்7களெல்லாம் கறுப்பு, வெள்ளி, ஆரஞ்சு. ரசிகர்கள் 'பிளாக் விடோ' என்பார்களே, அது. விற்றவருக்கு எழுதினேன். "இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று பதில் வந்தது. நான் கவனிக்கிறேனே ஐயா, காசு கொடுத்தவன்!

சரி, மியூசியம். உள்ளே போனதும் என் கால் நின்றது சதர்ன் பசிபிக்கின் 4294ஆம் எண் இன்ஜின் முன்னால். நீராவி இன்ஜின்தான், ஆனால் ஓட்டுநர் அறை முன்னால் இருக்கிறது, புகைபோக்கி பின்னால். சியரா நெவாடா மலையில் சுரங்கங்களும், பனிக்காகப் பாதைமேல் கட்டிய மரக்கூரைகளும் மைல் கணக்கில் இருந்தன. வழக்கமான இன்ஜினில் போனால் ஓட்டுநருக்குப் புகையில் மூச்சு முட்டும். அதனால் இன்ஜினையே திருப்பிவிட்டார்கள். எண்ணெயில் எரிந்ததால்தான் அது முடிந்தது. நிலக்கரி என்றால் பின்னால் இருக்கும் டெண்டரிலிருந்து, அதாவது எரிபொருள் வண்டியிலிருந்து, யார் அள்ளிப் போடுவது? 1944இல் பால்ட்வின் கம்பெனி கட்டியது, எடை 10 லட்சம் பவுண்டுக்கு மேல். இந்த வகையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தது, பரவாயில்லை.

இந்த வகை இன்ஜின்கள் 1950களின் நடுவிலேயே ஓய்வுக்குப் போய்விட்டன. ஆக, சிவப்பு மூக்கு டீசலும் இதுவும் ஒரே பாதையில் வேலை செய்திருக்கவே முடியாது. எத்தனை பேர் வீட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள் தெரியுமா?

அப்புறம் சாண்டா ஃபே என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் 347சி, டீசல் இன்ஜின். சிவப்பும் வெள்ளியுமாக, ஜெனரல் மோட்டார்ஸ் ஓவியர் லேலண்ட் நிக்கர்பாக்கர் 1930களில் போட்டுக் கொடுத்த 'வார்பானட்' நிற அமைப்பு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பயணி ரயிலுக்கான உடை. அந்தக் காலத்துச் சரக்கு எஃப் வகை டீசல்களுக்கு நீலமும் மஞ்சளும்தான். சிவப்பு-வெள்ளி இன்ஜினைச் சரக்குப் பெட்டிகளுக்கு முன்னால் மாட்ட ஆசையா? 1989க்கு வாருங்கள், அப்போதுதான் சரக்கு இன்ஜின்களுக்கும் அதை அடிக்கத் தொடங்கினார்கள். இன்னொரு கூத்து, 1980களின் நடுவில் சாண்டா ஃபேயும் சதர்ன் பசிபிக்கும் இணையப் போகிறோம் என்று நம்பி இன்ஜின்களைச் சிவப்பு-மஞ்சளாக்கினார்கள். பக்கவாட்டில் பாதி எழுத்தை மட்டும் எழுதி, மீதிக்கு இடம் விட்டார்கள். 1986இல் அரசு ஆணையம் இணைப்பை மறுத்தது. இடம் அப்படியே காலி! அந்த நிறத்தில் மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டைப் பற்றிக் குழப்பமே வராது.

மியூசிய பெயிண்டை அப்படியே நகல் எடுக்காதீர்கள் என்பேன். இங்குள்ள ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் யாரோ தேர்ந்தெடுத்த ஒரு பருவத்தில், துடைத்து மெருகேற்றி நிற்கிறது. வேலையில் இருந்த இன்ஜின் வெயிலிலும் டீசல் புகையிலும் வெளுத்து, அழுக்கேறிக் கிடந்தது. கையில் கொண்டுபோன பெயிண்ட் அட்டையை உள்விளக்கில் ஒப்பிட்டால் ஒரு நிறம், வெளியே ஆற்றங்கரை வெயிலில் வேறு நிறம். மொபைல் படத்தை நம்பவே வேண்டாம். சின்ன மாடலில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் துளி வெள்ளை கலப்பது என் பழக்கம்.

நுழைவு நேரம், பார்க்கிங் எல்லாம் எழுத இடமில்லை. பக்கத்துத் தெருவில் சாப்பிட்ட பீன்ஸ் பரிட்டோ மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும். அன்று முழுக்க விலைக்குத் தகுந்த பொருள் அது ஒன்றே.

என் எஃப்7ஐத் திருப்பி அனுப்பப் போவதில்லை. எல்லா இன்ஜினுக்கும் ஒரே நாளில் பெயிண்ட் அடித்துவிட முடியாது. கறுப்பும் சாம்பலும் சில ஆண்டுகள் கலந்தே ஓடின. என் மேசையில் இனி 1959. ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், இரண்டுக்கும் இடமுண்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 1965இல் கம்பெனி தன் டீசல்களுக்கு எண் மாற்றியது, புது எண் ஒட்டிய மாடலை வாங்கிவிடக் கூடாது. 4294க்கு 1959இல் வேலையில்லை. பித்தளையில் அதன் மாடல் விற்கும் விலையைப் பார்த்தால், என் பர்ஸுக்கு அதுவே நல்லது.