கார்ஃபீல்ட் சொல்லாத பெயர்கள்

மார்ச் 3, செவ்வாய்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 'பாடி அண்ட் சோல்' படத்தைத் திரும்பவும் போட்டேன். 1947-இல் வந்தது. ஜான் கார்ஃபீல்ட் அதில் சார்லி என்ற குத்துச்சண்டைக்காரன். காசு கண்ணை மறைத்துவிட்ட ஆள். நண்பனை, காதலியை, அம்மாவின் பேச்சை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போகிறான். கடைசியில் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கப் பணமும் வாங்கிவிடுகிறான். அப்புறம் மேடையில் அந்தப் பேரத்தை மீறி ஜெயித்துவிடுகிறான்.

இந்தத் தடவை என்னைப் பிடித்து உட்கார வைத்தது முன்பாதியில் வரும் ஒரு சின்னக் காட்சி. அப்பா செத்த பிறகு அம்மா கடனுக்கு எழுதிப்போடுகிறாள். விசாரிக்க ஒரு அதிகாரிப் பெண் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கேள்வி கேட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறாள். சார்லிக்குப் பொறுக்கவில்லை, கத்தி அவளை வெளியே அனுப்பிவிடுகிறான். நாலே வருஷத்தில் அந்த நடிகரே அதைவிடப் பெரிய கேள்விக்காரர்கள் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. அங்கே கத்த முடியவில்லை.

மார்ச் 4

நேற்றுப் பார்த்த படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தேன், மனசு கனத்துவிட்டது. கதை எழுதிய ஏப்ரகாம் பொலான்ஸ்கி, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஸ்டூடியோக்கள் வேலை தராமல் ஒதுக்கிவைத்த கருப்புப் பட்டியலில் போனார். அம்மாவாக நடித்த ஆன் ரெவியர் ஆஸ்கர் வாங்கியவர், அவரும் போனார். பழைய சாம்பியன் பென்னாக வரும் கறுப்பின நடிகர் கனடா லீக்கும் வாய்ப்புகள் அற்றுப்போயின. இயக்குநர் ராபர்ட் ராசன் 1951-இல், கம்யூனிஸ்ட்களைத் தேடிய விசாரணைக் குழு முன்னால் மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, 1953-இல் திரும்பப் போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சொன்னார். ஒரே படத்தின் யூனிட்தான் இத்தனையும்.

மார்ச் 6, வெள்ளி

கார்ஃபீல்ட் 1951 ஏப்ரல் 23 அன்று அதே குழுவின் முன், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'அமெரிக்க விரோதச் செயல்கள்' விசாரணைக் குழுவின் முன் ஆஜரானார். அதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் முதலில் வந்தது. கம்யூனிசத்தை வெறுப்பதாகச் சொல்கிறார். குழுவைப் புகழ்கிறார். ஸ்டூடியோக்கள் கதவைத் திறக்க வேண்டுமே என்ற தவிப்பு ஒவ்வொரு பதிலிலும் தெரிகிறது. சுயநலம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அவர்கள் கேட்டது பெயர்கள். கம்யூனிஸ்ட் யாரையாவது தெரியுமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஒருவரையும் தெரியாது என்றார். குரூப் தியேட்டர் என்ற நியூயார்க் நாடகக் குழுவில் வளர்ந்த நடிகர் அவர், அந்த நாடகக் குழுவுக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கட்சிக் கிளை இருந்தது. அவர் மனைவியே ஒரு காலத்தில் கட்சியில் இருந்தவர். தெரியாமல் எப்படி இருக்கும்? குழு அதை நம்பியதாகத் தெரியவில்லை. அந்தப் பொய்யை அவர் விடவும் இல்லை.

மார்ச் 7

அண்ணன் போனில் பேசினார், இதைச் சொன்னேன். "கும்பிட்டுப் பிழைக்கப் போனவனை ஏன்டா தூக்கிப் பிடிக்கிற? பொலான்ஸ்கி மாதிரி வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கலாமே" என்றார்.

நியாயமான கேள்வி. கார்ஃபீல்டுக்கு இரண்டு நாள் கழித்து அதே குழு முன்னால் வந்து பொலான்ஸ்கி பதில் சொல்ல மறுத்தார். அந்தத் துணிவு பெரியது. "அவர் பெரியவர்தாண்ணா, அதுக்காக இவரைத் துரோகின்னு சொல்ல முடியாது" என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

அங்கே இருந்த பொறியையும் பார்க்க வேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது சட்டத்திருத்தம் சொல்கிறது. ஆனால் 'ஆமாம், நான் கட்சியில் இருந்தேன்' என்று ஒருவர் தன்னைப் பற்றி வாய் திறந்துவிட்டால், மற்றவர்களைப் பற்றிக் கேட்கும்போது அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. ஆக, என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்ற நடுவழியே கிடையாது. குழுவிடம் பெரும்பாலான பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. அவர்களுக்கு வேண்டியது தகவல் இல்லை, ஒரு மனிதன் தன் நண்பர்களை வாயால் ஒப்படைக்கும் காட்சி. நம் ஊரில் அப்ரூவர் என்போமே, அதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று இன்னொரு நடிகர் ஸ்டெர்லிங் ஹேடனைப் பற்றி முழுக்கப் படித்தேன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அட்ரியாடிக் கடலைத் தாண்டி யூகோஸ்லாவியப் போராளிகளுக்கு ஆயுதம் கொண்டுபோனவர். சில்வர் ஸ்டார் பதக்கம் வாங்கியவர். அந்தப் போராளிகள்மேல் இருந்த மதிப்பில் 1946-இல் கட்சியில் சேர்ந்து, ஆறே மாதத்தில் விலகியவர். தேசத்துக்கு விசுவாசமா என்று இவரைப் பார்த்துக் கேட்க யாருக்கும் தகுதி கிடையாது. 1951 ஏப்ரல் 10 அன்று அவர் பெயர்களைச் சொன்னார். அதில் ஒரு காலத்தில் தான் நேசித்த பெண்ணின் பெயரும் இருந்தது. 1963-இல் வந்த சுயசரிதையில், அந்த நாளிலிருந்து தன்னையே எப்படி வெறுத்தார் என்று அவரே எழுதினார். அந்த வெறுப்பு உண்மை என்று நம்புகிறேன். ஆனாலும் சொன்ன பெயரை அது திருப்பி எடுத்துவிடாது.

நடிகர் லாரி பார்க்ஸ் பாவம். அவர் ஆஜரானது மார்ச் 21. சேற்றில் தவழ வைக்காதீர்கள் என்று எல்லார் முன்னிலும் கெஞ்சினார். பிறகு மூடிய அறையில் சொல்லிவிட்டார். அப்படியும் கொலம்பியா ஸ்டூடியோ அவரை வைத்துக்கொள்ளவில்லை.

கார்ஃபீல்ட், ஹேடன், பார்க்ஸ், மூவருக்கும் பிழைப்புதான் குறி. சுயநலம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மூவரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். தன் கௌரவத்தை விற்க ஒருவனுக்கு உரிமை உண்டு, அது அவனுடையது. அடுத்தவன் பெயர் அவனுடையதில்லை. கார்ஃபீல்ட் தன்னிடம் இருந்ததையெல்லாம் அந்த மேசைமேல் வைத்தார். அடுத்தவருடையதை மட்டும் வைக்கவில்லை.

மார்ச் 10

அந்தச் சாட்சியத்துக்குப் பிறகு கார்ஃபீல்டுக்கு சினிமா வாய்ப்பு வரவில்லை. பொய்ச்சாட்சி வழக்குப் போட முடியுமா என்று எஃப்.பி.ஐ. துருவத் தொடங்கியது. இடதுசாரிகளிடம் ஏமாந்துபோனேன் என்று சொல்லும் ஒரு பத்திரிகைக் கட்டுரைகூடத் தயார் செய்தார், அது வெளிவரவில்லை. பயந்திருக்கிறார், கடைசி வரை பயந்திருக்கிறார். 1952 மே 21 அன்று மாரடைப்பில் போய்விட்டார். வயது 39. நியூயார்க்கில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கான பேர் தெருவில் திரண்டார்கள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், மே 9 அன்று, கனடா லீ இறந்திருந்தார்.

ராத்திரி மறுபடி படத்தைப் போட்டு, சார்லியும் பென்னும் சேர்ந்து வரும் காட்சிக்கு ஓட்டினேன். பயிற்சி கொடுக்கிற பென் பேசுகிறார், சார்லி காது கொடுத்துக் கேட்கிறான். இருவர் முகமும் ஒரே ஃபிரேமில் வந்த இடத்தில் நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.