என் .22 பிஸ்டலில் .32 சுடத் தொடங்கிய விதம்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் குடியிருந்தாலும் நான் சுடப் பழகியதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரை அடுத்த ஒரு துப்பாக்கி சுடும் தளத்தில்தான். பல ஆண்டுகளாக என்னிடம் இருப்பது .22 எல்.ஆர். தோட்டாவைச் சுடும் வால்தர் ஜி.எஸ்.பி. பிஸ்டல். 25 மீட்டர் சென்டர் ஃபயர் (உறையின் நடுவில் ஊசி அடிக்கும் தோட்டாவைச் சுடும்) போட்டியிலும் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. 2006 தோகா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளுடன் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். ஆனால் அதற்கான தோட்டாவின் விட்டம் 7.62 மி.மீ.க்குக் குறையாமலும் 9.65 மி.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. என் .22 தோட்டாவோ 5.6 மி.மீ. மட்டுமே.

புதிய பிஸ்டல் வாங்க வசதி இல்லை. நல்லவேளையாக, 1960களின் இறுதியில் அறிமுகமான ஜி.எஸ்.பி., ஒரே பிடியில் .22, .32 ஆகிய இரண்டு காலிபர்களையும் (தோட்டா விட்டங்களையும்) பொருத்தும் ஏற்பாடு கொண்ட வகையைச் சேர்ந்தது. எங்கள் தளத்தில் நீண்ட காலம் சுட்டு ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர், தம் உரிமத்தில் பதிவாகியிருந்த .32 மாற்று அலகை, அதாவது அந்தக் காலிபருக்கான குழல், போல்ட், மேகசின் அடங்கிய தொகுதியை, தர முன்வந்தார். அதைக் கையில் எடுத்துக் காட்டியபடி அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "கண்ணு, குழலை மட்டும் மாத்துனாப் போதும்னு நெனச்சிராதே. போல்ட்டு, மேகசின் எல்லாம் ஒரே செட்டாத்தான் போகணும்."

காரணம் எளிது. போல்ட் என்பது தோட்டாவின் பின்புறத்தை அடைத்து, அதை வெடிக்கவைக்கும் ஊசியைத் தாங்கும் பாகம்; மேகசின் தோட்டாக்களை அடுக்கும் கூடு. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் விளிம்புக்குள் இருப்பதால் ஊசி விளிம்பில் அடிக்க வேண்டும்; .32-இல் உறையின் அடிப்பகுதி நடுவே அந்த மருந்து அடங்கிய தனிக் குப்பி இருப்பதால் ஊசி நடுவில் அடிக்க வேண்டும். ஆகவே ஒன்றின் போல்ட் மற்றொன்றுக்கு உதவாது. தோட்டாவின் தடிமனும் நீளமும் வேறு என்பதால் மேகசினும் வேறு. தொழிற்சாலையே அந்தப் பிடிக்கென்று செய்த முழுத் தொகுதியைத் தவிர வேறு எதையும் நான் கருத்தில் கொள்ளவில்லை. பட்டறையில் குழலைக் கடைந்து தருவதாகச் சொல்பவரிடம் துப்பாக்கியை ஒப்படைப்பது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். காலிபர் மாற்றம் கேட்டு என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்.

உண்மையான உழைப்பு காகிதங்களில்தான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பது அதன் பாகங்களையும் உள்ளடக்கியது. எனவே குழலும் போல்ட்டும் துணியில் சுற்றிப் பையில் எடுத்து வரக்கூடிய சாமான்கள் அல்ல. மேலும் உரிமம் பெற்ற ஒருவர் தம் ஆயுதத்தை மற்றொரு உரிமதாரருக்குக் கொடுப்பதானால், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாள்கள் கழிந்திருக்க வேண்டும். கொடுப்பவர் கோவை மாவட்டம், நான் பாலக்காடு மாவட்டம். ஆக, இரண்டு மாநிலங்களின் அலுவலகங்களில் இரண்டு கோப்புகள் நகர்ந்தாக வேண்டியிருந்தது.

அவர் தம் கடிதத்தைக் கொடுத்த அன்றே முத்திரையும் தேதியும் இட்ட நகலைப் பெற்று எனக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு தாள்தான் பிறகு என்னைக் காத்தது. ஏனென்றால் பாலக்காட்டில் என் கோப்பைப் பார்த்த எழுத்தர் முதலில் கேட்டது, 45 நாள் கணக்கு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையே. என் உரிமத்தில் .32 காலிபரையும் குழலில் பொறித்த எண்ணையும் அந்தத் தோட்டா எத்தனை வைத்திருக்கலாம் என்ற அளவையும் சேர்க்குமாறு தனி விண்ணப்பம் எழுதினேன். மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிப்பதால், கடிதத்தைத் தமிழில் எழுதி, எண்கள் அடங்கிய அட்டவணையை மட்டும் ஆங்கிலத்தில் இணைத்தேன். காவல் நிலைய விசாரணைக்கு வந்தவர், இதே பிடியில் இன்னொரு துப்பாக்கி உருவாகிறதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிடியையும் இரண்டு அலகுகளையும் மேசையில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பொருத்த முடியும் என்று காட்டியபின்தான் அவர் அறிக்கை எழுதினார். அவர் பொறுமையாகப் பார்த்ததற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

பதிவு முடிந்து, தோட்டா வாங்கி, எல்லை ஊரான வேலந்தாவளம் வழியாகத் தளத்துக்குக் கொண்டுசென்றபோது, உரிமத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் செல்லுபடி இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியை மறந்தால் மற்ற எல்லாப் பதிவும் இருந்தும் சிக்கல்தான். பிஸ்டலும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகளில் சென்றன.

அலகை மாற்றுவது சில நிமிட வேலை. ஆனால் முதல் முறை தளத்தின் ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பராமரிப்பவர்) முன்னிலையில்தான் செய்தேன். அவர் ஊசியின் அடி நடுவில் விழுகிறதா என்று பரிசோதித்தார். விசையின் எடை, விதி கேட்கும் 1000 கிராமுக்குக் குறையவில்லை என்பதையும் எடைக்கல்லைத் தொங்கவிட்டு உறுதி செய்தார்.

சுடுவதில் நான் எதிர்பார்த்தது பின்னுதைப்பை. அது கூடுதலாகத்தான் இருந்தது; ஆனால் என்னைத் திணறடித்தது அதுவன்று. .22 குண்டு சுமார் 2.6 கிராம்; .32-இன் தட்டைமுனை குண்டு சுமார் 6.4 கிராம், வேகமோ கணிசமாகக் குறைவு. குண்டு குழலை விட்டு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரம் சற்று நீள்வதால், விசை விடுபட்டவுடன் மணிக்கட்டைத் தளர்த்தும் பழக்கம் உடனே இலக்கில் தெரிந்துவிடுகிறது. முதல் தொடரில் என் ஐந்து துளைகளும் கீழே இடப்பக்கமாகச் சரிந்திருந்தன. ஆனால் அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் தாள் குத்தும் கருவியால் போட்டதுபோல் ஓரம் கிழியாமல் வட்டமாக இருந்தன. தட்டைமுனை குண்டின் பயன் அது. நடுவர்க்குக் கோட்டைத் தொட்டதா என்ற குழப்பமே வராது.

இந்தப் போட்டியில் துல்லியச் சுற்று, விரைவுச் சுற்று என்று இரண்டு உண்டு. துல்லியச் சுற்றில் ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது, அதனால் அங்கே சீக்கிரம் தேறிவிட்டேன். விரைவுச் சுற்றில் இலக்கு மூன்று விநாடி மட்டுமே முகம் காட்டும், பிறகு ஏழு விநாடி மறையும். அந்த ஏழு விநாடியில் கையைத் தாழ்த்தி, பிடியை மீண்டும் அதே இடத்தில் உணர்வதைத்தான் இப்போது பயிற்சி செய்துவருகிறேன். பயிற்சி நாளில் பாதி நேரம் .22, மீதி .32 என்று மாற்றிச் சுடுகிறேன். மாற்றும்போது ஒரு காலிபரின் தோட்டாப் பெட்டியை மூடி, பூட்டி, மேசையிலிருந்து எடுத்த பிறகே மற்றதைத் திறக்கிறேன்.