சிம்பலுக்குத் தனி வழி: ஜனவரிக் குறிப்புகள்

3 ஜனவரி 2024, புதன், கத்ர போர்ன், மொரீஷியஸ்

இளைஞர்களின் காவடிப் பாட்டு ஒன்றுக்கு, டிரம் மென்பொருளை வைத்து ஒலி கலந்துகொண்டிருக்கிறேன். ஓவர்ஹெட், அதாவது டிரம் செட்டின் தலைக்கு மேல் நிற்கும் மைக்குகளின் ஃபேடரை இன்று எத்தனை முறை ஏற்றி இறக்கினேன் என்று எண்ணவில்லை. கிராஷ் என்னும் வெடிக்கும் சிம்பல் அடங்கும்போது ஸ்நேர் டிரம்மின் மூச்சும் அடங்கிவிடுகிறது. ஸ்நேர் நிமிரும்போது கிராஷ் பாட்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு கைத்தாளம் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பது, அதை வாசித்தவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

4 ஜனவரி, வியாழன்

சிம்பல் என்று பெயர் போட்ட ஃபேடரை நேற்று வரை தேடியது என் அறியாமை. மென்பொருளின் மிக்சரில் கிக், ஸ்நேர், டாம் ஆகிய டிரம்களுக்கும், கால்மிதியால் மூடித் திறக்கும் இணைச் சிம்பலான ஹை-ஹாட்டுக்கும் அருகில் வைத்த மைக் உண்டு. கிராஷ், ரைடு ஆகிய மற்றச் சிம்பல்களுக்கு இல்லை. பழுதென்று இதைச் சொல்ல முடியாது. ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் எப்படிப் பதிவு செய்கிறார்களோ, அப்படியே மாதிரி எடுத்திருக்கிறார்கள். சிம்பல்களைத் தலைக்கு மேல் நிற்கும் இரண்டு மைக்குகளும் தூரத்து ரூம் மைக்குகளும்தான் கேட்கின்றன, அவை சிம்பலை மட்டும் கேட்பதில்லை. ஸ்நேரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மைக் இருந்தால், அந்த அடி ஏறக்குறைய 3 மில்லி நொடி தாமதித்து அதற்குள்ளும் வந்து சேர்கிறது. ஸ்நேர் ஓர் அறைக்குள் இருப்பதாக நம்மை நம்பவைப்பதே அந்தத் தாமதம்தான். ஆகவே ஓவர்ஹெட்டை இறக்குவது சிம்பலை இறக்குவது ஆகாது. செட்டைச் சுற்றியுள்ள காற்றையே இறக்குவதாகும்.

கிராஷின் அளவை மட்டும் குறைக்கும் திருகு ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அளவு என் சிக்கல் அன்று. எனக்கு வேண்டியது கிராஷின் மீது மட்டும் விழும் ஈக்யூ, அதாவது ஒலியின் அலைவரிசைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி.

6 ஜனவரி, சனி

ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில், டிரம் மென்பொருளின் பல வெளியீட்டு வழிகளைத் திறந்து, 16 ஸ்டீரியோ இணைகளையும் தனித்தனி ட்ராக்குகளாகப் பிரித்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் நிறம் கொடுத்தேன், பெயர் எழுதினேன், அரை நாள் போயிற்று. பிறகு ஓவர்ஹெட் ட்ராக்கை மட்டும் தனியே கேட்டேன்: கிக், ஸ்நேர், டாம் எல்லாம் உள்ளேயே இருந்தன. குழாயைப் பிரித்தேனே தவிர தண்ணீரைப் பிரிக்கவில்லை.

7 ஜனவரி, ஞாயிறு

வலது காதில் அதே கீச்சொலி. அடித்த கிராஷ் தேயாமல் நின்றுவிட்டதைப் போல.

9 ஜனவரி, செவ்வாய்

சுப்பீரியர் டிரம்மர் என்னும் வேறொரு டிரம் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் எந்தக் கருவியின் ஒலி எந்த மைக்கில் கசியலாம் என்பதை ஒவ்வொன்றாக அணைத்துவைக்கலாம். ஓவர்ஹெட்டில் ஸ்நேரையும் கிக்கையும் டாமையும் அணைத்தால் மிஞ்சுவது சிம்பல் மட்டுமே. என்னிடம் இருப்பதில் அந்த வசதி இல்லை. ஆகவே ஏழையின் வழி: ரீப்பருக்குள் பிளக்-இன்னாக ஓடும் அதே டிரம் மென்பொருளை இரண்டு முறை ஏற்றுவது, ஒன்றுக்குத் தோல் (டிரம்கள்), மற்றொன்றுக்கு உலோகம் (சிம்பல்கள்).

எந்த அடி எப்போது என்று குறித்துவைக்கும் மிடிக் கோப்பைச் சுரவரிசைப்படி வெடிக்கவிடும், அதாவது துண்டுதுண்டாகப் பிரிக்கும் கட்டளை ஒன்று ரீப்பரில் உண்டு. பொது மிடி வரிசையின் சுர எண்கள்படி கிராஷ் 49, 57, ரைடு 51, அதன் மணி 53, சைனா 52, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46. இவற்றைப் பொறுக்கி இரண்டாவது பிளக்-இன்னுக்கு அனுப்பினேன். கிராஷ் சரியாக வந்தது. ஹை-ஹாட்டோ பாட்டு முழுவதும் வாய் திறந்தே கிடந்தது. ஏனென்று தேடியதில் இரவு 11 மணி ஆகிவிட்டது. கால்மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைச் சொல்வது சுரம் அன்று, 4ஆம் எண் கட்டுப்பாட்டுச் செய்தி; நான் பிரித்த பிரிப்பில் அது வேறொரு துண்டோடு போய்விட்டது. கிராஷைக் கையால் பிடித்து நிறுத்தும் செய்தியும் அப்படியே காணாமற்போயிருந்தது.

எனவே பிரிப்பதை விட்டேன். முழு மிடியையும் இரு ட்ராக்கிலும் நகலெடுத்து, ஒன்றில் உலோகச் சுரங்களையும் மற்றொன்றில் தோல் சுரங்களையும் ஊமையாக்கினேன். கட்டுப்பாட்டுச் செய்திகள் இரண்டிலும் தங்கின, ஹை-ஹாட் வாயை மூடிக்கொண்டது.

10 ஜனவரி, புதன்

மடிக்கணினியின் 8 ஜிபி நினைவகம் திணறுகிறது. முதல் பிளக்-இன்னிலிருந்து சிம்பல்களையும் இரண்டாவதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் நினைவகத்தை விட்டு இறக்கிவிட்டேன். இதை நேற்றே செய்திருக்க வேண்டும்.

11 ஜனவரி, வியாழன்

பிரித்த இரண்டையும் கூட்டினால் பழைய ஒன்று கிடைக்கிறதா என்று சோதித்தேன். பழைய கலவையின் அலையைத் தலைகீழாக்கி, புதிய இரண்டின் மேல் போட்டால் எல்லாம் ஒன்றையொன்று தின்று மௌனம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. கிக் மறைந்தது, ஸ்நேர் பாதி மறைந்தது, சிம்பல்கள் பேய் போல நின்றன. ஒரே வேகத்தில் விழும் அடிகளுக்குக்கூட மென்பொருள் பல பதிவுகளிலிருந்து மாற்றி மாற்றி எடுப்பதால் இது நடக்கிறது. காரணம் புரிந்தும் மனம் ஒப்பவில்லை. அரை மணி நேரம் அந்தப் பேய்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். கீச்சொலி அவற்றுள் ஒன்றா, என் காதினுடையதா என்று பிரித்தறிய முடியாத ஒரு கணமும் வந்தது.

13 ஜனவரி, சனி

பெரிய முன்னேற்றம். சிம்பல் ட்ராக்கில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன். முன்பு ஓவர்ஹெட்டில் இதைச் செய்தால் ஸ்நேரின் வயிறு காலியாகிவிடும். இப்போது ஸ்நேருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் ஓவர்ஹெட் அதனிடம், சிம்பலின் ஓவர்ஹெட் சிம்பலிடம்.

பிறகு ஓர் அசட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தேன். டாம்கள் இடமிருந்து வலமாக உருள்கின்றன, முடிவில் விழ வேண்டிய கிராஷ் இடப்பக்கம் வெடிக்கிறது. ஒரு பிளக்-இன் வாசிப்பவர் இருக்கையிலிருந்தும், மற்றொன்று கூட்டத்தின் பக்கமிருந்தும் கேட்கும்படி அமைந்திருக்கிறது. நான்கு நாட்களாக இப்படியே கேட்டிருக்கிறேன். இரண்டு காதும் சரியாக இருக்கும் மனிதனுக்கு இதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆகுமா?

15 ஜனவரி, திங்கள்

பெலால் புயல். தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதக்கின்றன. மின்சாரம் இல்லை.

16 ஜனவரி, செவ்வாய்

இன்றைக்கு இருந்த செவிச் சோதனையைப் புயலின் பெயரால் 30ஆம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். பாட்டை 24ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். காவடியைத் தள்ளிவைக்க யாராலும் முடியாது.

18 ஜனவரி, வியாழன்

எழுதாமல் தவிர்த்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். இரைச்சலால் கெடும் காதில் முதலில் பள்ளம் விழுவது பெரும்பாலும் 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், அதிலும் 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. கிராஷ் கடிப்பதும், கைத்தாளத்தின் விளிம்பு மினுங்குவதும் அதே இடம். எனக்கு அங்கே பள்ளம் விழுந்திருந்தால், கிராஷ் இனிமையாக இருக்கிறது என்று நான் சொல்வதற்குப் பொருளே இல்லை. குறைவாகக் கேட்பவன் கூட்டி வைப்பான். கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கீழ்ப்பகுதியில் இந்த அச்சம் இல்லை. கிக்கை என் மார்பே கேட்கிறது.

ஜன்னலில் கோர் தெ கார்ட் மலை கழுவித் துடைத்ததுபோல் நிற்கிறது. விரதம் தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதாக எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வழக்கம்போலத்தான் பேசுகிறார்களாம்.

20 ஜனவரி, சனி

அக்கா மகள் வந்திருந்தாள். பதினோரு வயது. ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டி, சிம்பல் ட்ராக்கை மட்டும் ஓடவிட்டு, ஈக்யூவில் ஒரு குறுகிய மேட்டை எழுப்பி, அதை மெல்ல நகர்த்தும்படி சொன்னேன். இரண்டு கிலோஹெர்ட்ஸில் தோளைக் குலுக்கினாள். மூன்றில் முகம் சுளித்தாள். நான்கைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் தோள்கள் காதுவரை ஏறின. "லி பிக்கே, மாமா!" என்றாள். குத்துகிறதாம். மிளகாய் உறைத்தாலும் இங்கே அதே கிரியோல் சொல்தான். திரையில் 4.6 என்று நின்றது. நானும் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். இடது காதில் ஊசி குத்தியது. வலது காதில் யாரோ பக்கத்து அறையில் ஊசியைக் கீழே போட்டதுபோல் இருந்தது.

அவள் நிறுத்திய இடத்தில், கிராஷ் ஓங்கும்போது மட்டும் 5 டெசிபல் வரை அமுங்கும்படி டைனமிக் ஈக்யூ வைத்தேன். உடனே கைத்தாளம் வெளியே வந்தது. இந்த மாதத்தில் முதல் முறையாக, இலை இரண்டும் முட்டும் ஒலியும் அவை பிரிந்தபின் நீளும் ஓசையும் தனித்தனியாகக் கேட்டன. எங்கள் காவடிக்குக் கிராஷ் எதற்கு என்று பெரியவர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி நியாயமானதென்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் பாட்டு என்னுடையது அன்று, இளைஞர்களுடையது.

22 ஜனவரி, திங்கள்

பிரித்தது அதிகமாகப் பிரிந்துவிட்டது. டிரம் ஒரு வீட்டில், சிம்பல் அடுத்த வீட்டில். இரண்டையும் ஒரே பஸ்ஸுக்குள், அதாவது ஒரு கூட்டு வழிக்குள் விட்டு, உரத்த ஒலியை அமுக்கும் ஒரே கம்ப்ரஸரால் கட்டிப் பார்த்தேன். கிக் விழும் ஒவ்வொரு முறையும் சிம்பல் குனிந்து நிமிர்ந்தது, அலைமேல் படகு போல. சிலருக்கு அது பிடிக்கும். எனக்குக் கைத்தாளத்தின் சீரான நடைக்குப் பக்கத்தில் அந்த ஆட்டம் பொறுக்கவில்லை. கடைசியில் கம்ப்ரஸர் டிரம்முக்கு மட்டும், சிறிய அறை எதிரொலி ஒன்று இரண்டுக்கும் பொதுவாக. சுவர் ஒன்றானதும் வீடும் ஒன்றானது.

23 ஜனவரி, செவ்வாய்

"அண்ணா, எப்போது வரும்?" காலையிலிருந்து நான்கு அழைப்புகள்.

24 ஜனவரி, புதன்

கொடுத்துவிட்டேன். கலந்த பாட்டோடு டிரம் தனியாகவும் சிம்பல் தனியாகவும் இரண்டு கோப்புகள் வைத்து, சிம்பல் மிகுதியாகத் தோன்றினால் அந்த ஒன்றை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

நாளை ஊர்வலத்தில் எத்தனை தாளங்கள் ஒலிக்குமோ. மஞ்சள் நுரையில் செய்த காதடைப்பான்கள் இரண்டையும் வேட்டி மடிப்பில் செருகி வைத்திருக்கிறேன். வலது காதுக்கு நிச்சயம். இடது காதுக்கு