பீப்பாய்க்கு அலைந்ததும் அப்பாவின் வைக்கோலும்

கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்கள், சமையல் கழிவை உக்கவைத்துப் பசளையாக்கும் மானிய விலைக் கொம்போஸ்ட் பீப்பாய் எடுக்கப் போவதென்றால், அடையாள அட்டையையும் மின்சார பில்லையும் மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போய் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் தாளைப் புரட்டாமலே, "வரிப்பணப் பற்றுச்சீட்டு எங்கே?" என்றார். அது வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கும்? அவர் கனடாவில். வட்ஸ்அப்பில் கடிதம் எடுத்து அச்சடித்து மறுபடி போனால், மூலப்பிரதி வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஓட்டோக் காசையும் இரண்டு அரைநாள் லீவையும் நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

விண்ணப்பமும் சிங்களத்தில் மட்டும்தான். வரிசையில் நின்ற ஒரு சிங்கள அம்மா கேட்காமலே நிரப்பித் தந்தார். கிராம சேவையாளரின் வதிவிடச் சான்றிதழ் இருந்தால் வீட்டுக்காரர் கடிதம் தேவையில்லை என்று சொன்னதும் அவர்தான். மூன்றாம் தரம் பீப்பாய் கிடைத்தது.

கஷ்டம் பிறகுதான். மரக்கறித் தோல், மீன் கழிவு, மிஞ்சின சோறு எல்லாம் போட்டேன். இரண்டு கிழமையில் புழு. மேல்வீட்டு அன்ரி யன்னலைச் சாத்திவிட்டார். மீனும் சோறும் போடவே கூடாது. அதைவிடப் பெரிய பிழை, காய்ந்த பொருள் ஒன்றும் சேர்க்காதது. ஈரம் மிஞ்சினால் காற்றோட்டம் இல்லாமல் அழுகும். கொழும்பில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது?

கிளிநொச்சிக்கு அப்பாவிடம் கோல் எடுத்தேன். "வைக்கலோ? நாளைக்கு நெருப்பு வைக்கப் போறம் பிள்ளை" என்றார். காலபோக நெல்லை வெட்டிய மெஷின் வயல் முழுக்க வைக்கோலைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அடுத்த போகமான சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறக்கமுன் வயலைத் துப்பரவாக்க வேண்டும், கூலிக்கு ஆளில்லை. அவர் பக்க நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் எரித்தால் வைக்கோலில் உள்ள பயிர்ச் சத்துகளில் நைதரசன் அநேகமாக முழுவதும் போய்விடும். பொசுபரசில் காற்பங்கும் பொட்டாசியத்தில் ஐந்திலொன்றும் அதோடு போகும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு மூட்டை யூரியாவுக்கு அவர் அலைந்ததை ஞாபகப்படுத்தினேன். அப்பா கனநேரம் பேசவில்லை.

இரவு பஸ்ஸில் இரண்டு மூட்டை வைக்கோல் வந்தது. விரலளவு நறுக்கி, ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு வைக்கோல் போடுகிறேன். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரம் போதும். கிழமைக்கொருதரம் கிளறவேண்டும். சரியாக நாலாம் நாள் நாற்றம் நின்றது. அன்ரி யன்னலைத் திறந்துவிட்டார்.

அப்பா ஒரு ஏக்கரை எரிக்காமல் உழுது மடக்கித் தண்ணீர் கட்டினார். விதைக்கமுன் இரண்டு மூன்று கிழமையாவது வைக்கோல் உக்க விடவேண்டும், அவசரப்பட்டால் பயிர் மஞ்சளாகிவிடும். மற்ற இரண்டு ஏக்கரும் எரிந்துதான் போனது. நேற்றுக் கோல் எடுத்தவர், "அடுத்த வெட்டுக்கு உனக்கு எத்தனை மூட்டை வேணும்?" என்று கேட்டார்.