‘தொட்டுப் பார்’ என்பதில் உள்ள ‘பார்’: சொற்பொருள் ஆய்வுக்கு இறங்கும் மாணவர்களுக்கு

விழிப்புலனற்றோரும் பார்வையுள்ளோரும் சொற்பொருளை எப்படி விளக்குகிறார்கள் என்பதை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்து, திருகோணமலையில் தரவு திரட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சறுக்குகிறார்கள்.

"மான் பார்க்க எப்படி இருக்கும்?" என்று கேட்டால் கேள்வியே பதிலைக் கண்ணின் பக்கம் தள்ளிவிடும். "மான் என்றால் என்ன? அந்தச் சொல்லே தெரியாத ஒருவருக்குச் சொல்லுங்கோ" என்று இரு குழுவிடமும் ஒரே வசனத்தில் கேளுங்கள். சொல்லுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். நடுவில் "ஓம், சரி" வேண்டாம். எந்த வகைப் பதில் உங்களுக்குப் பிடிக்கிறது என்று ஆள் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த சொற்களுக்கும் அதே அச்சில்தான் பதில் வரும். முதல் 2 சொற்கள் பயிற்சிக்கு, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பார்வையுள்ளவரிடம் படிவத்தைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு மற்றவரிடம் வாய்மொழியாகக் கேட்பதும் நடக்கிறது. எழுதுகிறவர் சுருக்குவார், பேசுகிறவர் விரிப்பார். வந்த வித்தியாசம் பார்வையாலா பேனாவாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவரையும் பத்து வயதில் இழந்தவரையும் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். வயதும் படிப்பும் இரு பக்கமும் ஒத்திருக்கட்டும்.

30 சொற்கள் போதும். கைக்குள் அடங்கும் சீப்பு, தேங்காய். கைக்கு எட்டாத மேகம், வானவில். நீதி போன்ற அருவச் சொற்கள். கன்னியா வெந்நீர் ஊற்றையும் சேர்க்கலாம். ஏழு கிணறுகளின் சூட்டையும் எல்லோரும் தோலால்தான் அறிகிறார்கள். வினைகளை விட்டுவிடாதீர்கள்: மின்னு, மினுங்கு, ஒளிர், எட்டிப் பார், உற்றுப் பார், முறைத்துப் பார். ஒளியையும் பார்வையையும் குறிக்கும் ஆங்கில வினைகளைப் பிறவியிலேயே பார்வையற்றவர்களும் நுட்பமாக வேறுபடுத்துவதை அமெரிக்க ஆய்வாளர் மரினா பெட்னி குழுவினர் 2019இல் காட்டினார்கள். விலங்குகளின் தோற்றம் பற்றி அதே ஆண்டில் வெளிவந்த அவர்களின் இன்னோர் ஆய்வில் இரு தரப்பும் அதிகம் வேறுபட்டது நிறத்தில்தான். பார்வையற்றவர் சொல்லும் காட்சிச் சொற்கள் அனுபவமற்ற வெறும் சொற்கள் என்று 1932இல் உளவியலாளர் கட்ஸ்ஃபோர்த் வைத்த கருத்தைச் சுமந்துகொண்டு யார் முன்னாலும் போய் உட்காராதீர்கள்.

அதிகம் கெடுவது, வந்த பதில்களைக் காட்சி, தொடுகை, இடம் என்று வகைப்படுத்துவதில். மொழி உளவியலாளர்கள் லாண்டவ், கிளைட்மன் இருவரும் 1985இல் எழுதிய நூலில் வரும் ஒரு குழந்தையை நினையுங்கள். பார்வையற்ற அந்தப் பிள்ளை 'மேலே பார்' என்றதும் கையை உயர்த்தியது. கண் கட்டப்பட்ட பார்வையுள்ள பிள்ளைகள் முகத்தை உயர்த்தினார்கள். 'பார்' இப்படிக் கண்ணைத் தாண்டி விரிவது தமிழில் மொழிக்குள்ளேயே இருக்கிறது: தொட்டுப் பார், மணந்து பார், கேட்டுப் பார், சாப்பிட்டுப் பார். ஆகவே "பிடிச்சுப் பார்த்தா சொரசொரப்பு" என்ற பதில் தொடுகை வகையில் சேர வேண்டும். கணினியில் 'பார்' என்று தேடி எண்ணினால் கணக்கு முழுக்கப் பிழைக்கும்.

வடிவத்தைக் கண்ணின் கணக்கில் எழுதுவது அடுத்த பிழை. தொல்காப்பியர் 'இன்' உருபுக்குச் சொல்லும் பட்டியலை விரித்து வையுங்கள்: வண்ணம், வடிவு, அளவு, சுவை, தண்மை, வெம்மை என்று நீளும். இந்த ஆறில் கண்ணுக்கு மட்டும் உரியது வண்ணம். வடிவும் அளவும் கைக்கும் தெரியும். அவற்றுக்குத் தனி வகை வையுங்கள். "கோட்டைக்குள்ள திரியும்" என்று மானைப் பற்றி யாராவது சொன்னால் அது திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களை நினைத்துச் சொல்லும் இந்த ஊர்ப் பதில். இட வகையில் போடுங்கள், கழித்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு பதில்களை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட்ட பிறகே மீதியைத் தொடுங்கள்.

கடற்கரையில் ஒலிப்பதிவு வேண்டாம், காற்று பேச்சை விழுங்கிவிடும். சம்மதப் படிவத்தை முன்கூட்டியே அனுப்புங்கள், யூனிகோடில் தட்டச்சு செய்து. பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் வாசிக்கும். படமாக எடுத்து அனுப்பினால் அதுவும் இல்லை. அனுப்பிய பிறகும் நேரில் முழுதாக வாசித்துக் காட்டி, சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.